அந்த அம்மாவின் வாக்கு

சென்ற கவுன்சில் தேர்தலன்று, லண்டன் ஹரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலை மண்டபத்தில் வாக்குச்சீட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். எனக்கு அது முதல் தடவை. நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் முக்காடு அணிந்த ஒரு முஸ்லிம் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அதே பாடசாலையில்தான் படித்தாராம்.

ஒருவரின் வாக்கை வீட்டார் போட விடக்கூடாது என்று பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். அவரைக் கண்டதும் நான் நினைத்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தன்னுடைய ஆட்கள் குடும்பமாக வந்தால் இவர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார், நான்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

காலை முழுக்க முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. ஒவ்வொருவராக அடையாள அட்டையைக் காட்டி வாக்களித்துவிட்டுப் போனார்கள். யாருக்குப் போட்டோம் என்று ஒரு தாயும் மகளும் வாதாடியதுகூட வாசலுக்கு வெளியே போன பிறகுதான்.

பதினொரு மணியளவில் வயதான தம்பதி ஒன்று வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். கணவர் இரண்டு சீட்டுகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"இவவுக்கு ஒண்டும் விளங்காது, பிள்ளை. நானே போட்டுவிடுறன்."

"ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

பொறுப்பாளர் எழுந்து வந்தார். அந்த அம்மாவுக்குப் பார்வைக் குறைவோ வாசிக்க இயலாமையோ உண்டா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். இல்லை என்று ஐயா சொன்னதும், அப்படியென்றால் தனியாகத்தான் வாக்களிக்க வேண்டும் என்றார். ஐயா என்னிடம் திரும்பினார்.

"இந்த முஸ்லிம் ஆக்கள் வந்து எங்களுக்குச் சட்டம் சொல்லினமோ?"

அவர் என்ன சொல்கிறார் என்று பொறுப்பாளர் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபப்படுகிறார் என்று மட்டும் சொன்னேன். பரவாயில்லை, அம்மாவிடம் தமிழில் விளங்கப்படுத்துங்கள் என்றார்.

"அம்மா, நீங்கள் தனியப் போய்த்தான் போடவேணும். ஏலுமோ?"

அந்த அம்மா கணவரின் கையிலிருந்து தன் சீட்டை எடுத்தார்.

"ஏன் ஏலாது? ஆருக்குப் போடுறதெண்டு நான் எப்பவோ யோசிச்சு வைச்சிட்டன்."

தடுப்புக்குப் பின்னால் நிதானமாக நின்று வாக்களித்தார். வெளியேறும்போது பொறுப்பாளரின் கையைப் பிடித்து, "தாங்க்யூ மகள்" என்றார். ஐயா வாசலில் காத்துநின்றார்.

தேநீர் குடிக்கும்போது ஐயா சொன்னதையும், காலையில் நான் நினைத்ததையும் பொறுப்பாளரிடம் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார். அதற்கு முந்திய தேர்தலில் தன் தந்தையையே இப்படித் தடுத்தாராம். ஒரு வாரம் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லையாம்.

அன்று அந்த மண்டபத்தில் கண்காணிக்கப்பட வேண்டியவள் நான்தான் என்ற நினைவு, யாரையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோடப் புறப்படும்போதெல்லாம் இன்றும் என்னை நிறுத்துகிறது.