பக்கத்தின் காலடியை முதலில் பார்த்தவள்

இரு ஆறுகளின் நடுவே, உறங்குவது போலக் கிடந்து, உறங்காமல் உலகம் காக்கும் அரங்கத்து எம்பெருமானே, உன் திருவடிகளை முன்னிட்டு இதைத் தொடங்குகிறேன். என் சொல்லில் மிகை புகாமல் காத்தருள். யாரைப் பற்றி எழுதுகிறேனோ, அவளுக்கு மிகை பிடிக்காது.

நம் வாசகர் வட்டத்து அன்பர்களே,

செய்தி என் கைப்பேசிக்கு வந்தபோது பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் கூடத்துக்கு வந்திருந்தேன். ‘பூங்கோதை இன்று விடியற்காலை காலமானார்’ என்று முதல் வரி. அதோடு நின்றுவிட்டேன். பிறகு, நம் அனைவருக்கும் அவள் பழக்கிவிட்ட பழக்கம் என் விரலைத் தானாக நகர்த்தியது. செய்தியின் அடிப்பகுதிக்குப் போனேன். சொல்பவர் யார்? கணவர் சண்முகம். எப்போது? இன்றைய தேதி. எங்கிருந்து? காட்டூர் வீட்டு முகவரி. வேறு வழியில் உறுதி செய்துகொள்ள முடியுமா? கீழே இருந்த எண்ணை அழைத்தேன். “ஆமாங்க மாமி” என்றார் சண்முகம்.

அந்தச் செய்தியில் ஒரு பிழை இருக்காதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. நான் கைப்பேசியில் படித்தவற்றுள் குறையே இல்லாத பக்கம் அதுதான்.

எங்கள் குல வழக்கில் காலமானவளைத் ‘திருநாடு அலங்கரித்தாள்’ என்று எழுத வேண்டும். என் பேனா அதற்கு இசையவில்லை. அச்சில் வருவதால் ‘அவர்’ என்று எழுதுவதே முறை என்பதும் தெரியும். எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்டவளை அப்படி எட்ட நிறுத்தி எழுத மனம் வரவில்லை. பொறுத்தருள வேண்டும்.

தொட்டியத்தில் வாழை பயிரிடும் வீட்டில் பிறந்து, திருச்சியில் ஒரு கல்லூரியின் நூலகராக இருந்தவள் பூங்கோதை. நம் வட்டத்துக்கு அவளை ஒரு நாள் பேசத்தான் அழைத்தோம். அப்போது நம் நிலை உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசிகளை வைத்துக்கொண்டு, வந்த இணைப்புகளையெல்லாம் வந்த சூட்டோடு அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். மூட்டுவலிக்கு ஒன்று, ஓய்வூதியத்துக்கு ஒன்று, யாத்திரைக்கு ஒன்று. இணையதளங்களில் நல்லதை எப்படி அறிவது என்று பேச வந்தவள், நம்முடனேயே தங்கிவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓரிரு தளங்களை எடுத்துக்கொண்டு, கையடக்கக் கணினியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி, பார்த்து, மதிப்பெண் சொல்லி, ஏன் என்றும் சொல்வது நம் வழக்கமாயிற்று.

முதல் நாளே அவள் செய்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. பக்கம் திறந்ததும், மேலே இருந்த படத்தையும் தலைப்பையும் பாராமல், விரலால் சரசரவென்று தள்ளி அடிக்குப் போய்விட்டாள்.

“ஏன் கோதை, மேலேர்ந்து படிக்க மாட்டியா?” என்றேன்.

“மேல இருக்கிறது அவங்க காட்டணும்னு நினைச்சது மாமி. யாரு நடத்துறாங்க, எந்த ஊரு, கடைசியா எப்பத் திருத்துனாங்க, எல்லாம் கீழதான் இருக்கும். அது இல்லாட்டி மேல என்ன இருந்தாலும் எனக்கு வேண்டாம்.”

சந்நிதியில் நாங்கள் சேவிக்கும் முறையும் அதுவே. திருவடியில் தொடங்கித்தான் திருமுகத்துக்குப் பார்வை ஏற வேண்டும். இதை அவளிடம் சொன்னபோது, குழந்தை போலக் கைதட்டினாள். “அப்ப நான் ஸ்ரீரங்கத்துக்காரிதான்னு சொல்லுங்க” என்றாள்.

அவளுடைய கண்டிப்பை நாம் முதலில் உணர்ந்தது வைகுண்ட ஏகாதசிப் பக்கத்தில். யாரோ ஓர் அன்பர் நடத்திய தளம். திறந்தவுடன் பெருமாளின் பெரிய படம், ரத்தினக் கவசம் அணிந்த ரத்னாங்கி சேவை. கீழே பரமபத வாசல் திறக்கும் நாளும் நேரமும். கணினி கைமாறிய போதே பலர் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ராகவன் முழு மதிப்பெண் சொன்னார். நானும் சொன்னேன். எல்லோரும் சொன்னோம். பெருமாள் எழுந்தருளியிருக்கும் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்க எந்த ஸ்ரீரங்கவாசிக்குத் துணிவு வரும்?

கோதை பூஜ்யம் என்றாள். கூடம் கொதித்தது.

“பெருமாளுக்கே பூஜ்யமாம்மா? அபசாரம்!” என்றார் ராகவன்.

“பெருமாளுக்கு நான் யாருங்க சார் மார்க் போட? பக்கத்துக்குத்தான் பூஜ்யம். நாளும் மாசமும் போட்டிருக்காங்க, வருஷம் எங்க? இது இந்த வருஷத்து ஏகாதசின்னு யாரு சொன்னா?”

ராகவன் அதற்குள், படத்தைக் கண்ட பரவசத்தில் தேதியைப் பாராமலே, அதைத் தொட்டியத்தில் இருந்த தம் சம்பந்தி வீட்டாருக்கு அனுப்பிவிட்டிருந்தார்; பிறகு அழைத்துத் திருத்திச் சொல்லவும் மறந்துவிட்டார். அவர்கள் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கி, வாசல் திறப்பைச் சேவிக்க வந்து நின்றபோது, வாசல் முந்தைய நாளே திறந்தாயிற்று. அது பழைய ஆண்டின் கணக்கு. அடுத்த சனிக்கிழமை ராகவன் எழுந்து நின்று, “என் சம்பந்தி இன்னும் என்னோட பேசலை. மறுமதிப்பீடு கோருகிறேன்” என்றார். கூடமே சிரித்தது. கோதை மட்டும் சிரிக்கவில்லை. “அந்தப் பெரியவங்களுக்கு உடம்பு நல்லாயிருக்கா சார்?” என்றுதான் கேட்டாள்.

அதற்காக எந்தத் தளத்தையும் அவள் ஊர் நடுவில் நிறுத்தித் தூற்றியதில்லை. குறையை முதலில் செய்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டால்தான் மற்றவருக்கு என்பது அவள் விதி. அந்த ஏகாதசித் தளத்தாருக்கும் அன்றே எழுதினாள். அவர் நன்றி சொல்லி ஆண்டைச் சேர்த்தார். வாழைநோய் பற்றித் தொட்டியத்துப் பட்டதாரி ஒருவர் நடத்திய தளத்தில், மருந்தின் அளவு எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை. அவரை அழைத்துப் பேசினாள். அவர் சேர்த்ததோடு, தமக்கு உறுதியாகத் தெரியாத இரண்டு நோய்களுக்கு ‘இதை நான் அறியேன், வேளாண் அலுவலரைக் கேளுங்கள்’ என்றும் எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு நம்மிடம் சொன்னாளே, “தெரியாதுன்னு சொல்ற பக்கத்தை நம்பலாம் மாமி” என்று. சாஸ்திரங்களை எத்தனையோ ஆண்டுகள் கேட்ட எனக்கு, அந்த ஒரு வாக்கியம் புதிதாகக் கேட்டது.

இன்னொன்று. அவள் எந்தப் பக்கத்தையும் இறுதியில் என் கையில்தான் கொடுப்பாள். எழுத்து சிறிதாக இருந்தால், வெளிர்நிறத்தில் மங்கினால், படிக்கும்போதே குறுக்கே விளம்பரம் குதித்தால், “மாமி கண்ணுக்குத் தெரியல. இது பக்கமே இல்ல” என்று மூடிவிடுவாள். என் முதிய கண்கள் ஓர் உரைகல்லாக இருந்த காலம் அது. அவை எதற்கும் பயன்படும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

இனி எழுதப்போவதை, அவள் போன பிறகுதான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

சென்ற பங்குனியில் ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கணையத்தில் புற்றுநோய் என்றாள். பரவிவிட்டது என்றும் சொன்னாள். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவள் போனதும் கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினேன். ஒரு பக்கம் கிடைத்தது. பச்சை நிறம், மூலிகைப் படம், குணமானவர்களின் சிரித்த முகங்கள், ‘இன்றே அழையுங்கள்’ என்று மின்னும் எழுத்து. ஸ்ரீரங்கத்திலிருந்து காட்டூருக்குப் பஸ் மாறிப் போய், அதை அவள் முன் நீட்டினேன்.

வழக்கம்போல அடிக்குத் தள்ளினாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, மருத்துவர் இல்லை, தேதி இல்லை. ஓர் எண் மட்டும் இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தாள். ஒரு பெண்குரல், “எத்தனை பாட்டில் வேணும்?” என்றது.

கோதை மெல்ல வைத்தாள். “பாருங்க மாமி. என்ன நோய்னு கூடக் கேக்கல.”

“கோதை, ஒரே ஒரு தடவை உன் பரீட்சையெல்லாம் ஓரமா வச்சுடேன். எனக்காக.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வச்சுட்டா, அப்புறம் நான் யாரு மாமி?” என்றாள். “நீங்க பெருமாள்கிட்டக் கேளுங்க. அவர்கிட்ட மட்டும் நான் தேதி கேக்க மாட்டேன்” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வட்டத்துக்கு அவள் கடைசியாக வந்த சனிக்கிழமை, இரண்டு பக்கங்களைக் கொண்டுவந்தாள். உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பு இளைத்திருந்ததைக் கேட்டவர்களிடம் டயட் என்று சிரித்தாள். முதல் பக்கம், அந்தப் பச்சை நிறப் பக்கம். இரண்டாவது ஒரு மருத்துவமனையின் பக்கம். படம் இல்லை, நிறம் இல்லை. எழுதிய மருத்துவர்களின் பெயர், திருத்திய மாதம், ஆதாரங்கள் எல்லாம் அடியில் இருந்தன. நோய் இந்த நிலையை எட்டிய பின் குணமாக்க இயலாது, வலியைக் குறைக்கவும் இருக்கும் நாட்களை அமைதியாகக் கழிக்கவும் உதவ இயலும், எத்தனை நாட்கள் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று அது சொன்னது.

கணினி கைமாறிற்று. ஒவ்வொருவரும் முதலில் அடிக்குத் தள்ளியதைப் பார்த்தேன். பச்சைப் பக்கத்துக்கு எல்லோரும் பூஜ்யம் சொன்னீர்கள். மருத்துவமனைப் பக்கத்துக்கு எல்லோரும் முழு மதிப்பெண் சொன்னீர்கள். “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றா. இதை நம்பலாம்மா” என்று ராகவன் பெருமிதத்தோடு விளக்கமும் சொன்னார். அவளோ ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் முறை. அந்தக் கூடத்தில் எனக்கு மட்டுமே தெரியும், நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்று.

“மாமி, உங்க மார்க்?”

“கண்ணாடி எடுத்துண்டு வரலை கோதை” என்றேன். கண்ணாடி என் மடியில்தான் இருந்தது. அதை அவளும் பார்த்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்தாள்.

“இதைப் போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டேன். எழுத்துகள் பெரியவை, கறுப்பு, தெளிவு. குறுக்கே எதுவும் குதிக்கவில்லை. அழுகின்ற கிழவியாலும் படிக்க முடியும்படி யாரோ அக்கறையோடு செய்திருந்தார்கள். குறை சொல்ல ஓர் இடம் இல்லை. முழு மதிப்பெண் என்று சொன்னேன்.

பஸ் நிறுத்தம் வரை உடன் போனேன். வழியில் கேட்டேன், “ஏன் கோதை இப்படிப் பண்ணினே?”

“ஒரு தடவை சரி பாத்துக்கணும்னு தோணுச்சு மாமி. எல்லாரும் பாஸ். ஒருத்தர் கூட அந்தப் பச்சையில விழல, பாத்தீங்களா? இனிமே இவங்களை யாரும் ஏமாத்த முடியாது.” அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெங்கும் கண்டதில்லை. பஸ் வந்தது. “போயிட்டு வரேன் மாமி” என்றாள்.

அன்பர்களே, இதைப் படித்துவிட்டு உங்களில் எவரும், அவள் இறப்புக்குத் தெரியாமல் ஒப்பம் இட்டோமே என்று வருந்த வேண்டாம். அவளுக்கு நீங்கள் கொடுத்த கடைசி மகிழ்ச்சி அது. அவள் பொய்யான நம்பிக்கையில் இருக்கவில்லை, நீங்களும் இருக்க மாட்டீர்கள் என்று அறிந்துகொண்டு போனாள். வருந்துவதற்கு என்னை விட்டுவிடுங்கள்.

நான் இப்போதும் சந்நிதிக்குப் போகிறேன். திருவடியில் பார்வை நின்றுவிடுகிறது. திருமுகம் வரை ஏற முடியாமல் கண் நிறைந்து மறைத்துவிடுகிறது. அர்ச்சகர் நகரச் சொல்லும்வரை அங்கேயே நிற்கிறேன். அவளுக்காக அவனிடம் ஒரு தேதி கேட்டிருந்தேன். அவன் கொடுத்தது வேறு தேதி.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வரிசை மட்டுமே. யார் சொல்கிறார், எப்போது, எப்படித் தெரியும், எது தெரியாது. அந்த வரிசையில் இந்தப் பக்கத்தின் காலடியையும் வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பூஜ்யம் போட்டுவிடுவாள். சொல்பவள், உத்திர வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ரங்கநாயகி. எழுதியது, அவள் காரியங்கள் முடிந்து காட்டூரிலிருந்து திரும்பிய மறுநாள். எப்படித் தெரியும் என்றால், உடன் இருந்தேன். தெரியாதது ஒன்று உண்டு. வயதில் மூத்த என்னை இங்கே விட்டு, அவளை ஏன் முன்னே அழைத்துக்கொண்டான் என்பது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும் அரங்கன் நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும் அருளட்டும். உங்கள் வீட்டைத் தேடி வரும் சொற்கள் மெய்யாக வரட்டும். மெய் கசப்பாக வரும் நாளில், தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க உங்கள் அருகில் ஒருவர் இருக்கட்டும்.