இறக்கத்துக்கு நான் சொல்லித்தராத கியர்

இருபத்திரண்டு வருடம் ஆவடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். முதுகுவலியால் போன வருடம் நின்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள் சிலர், அனுபவத்தை எழுதித்தாருங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் படித்து நன்றாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. கோமதியம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

1. ரிஃப்ரெஷர் கிளாஸ்

கோமதியம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கணவர் சண்முகம் சார் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சாருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல், கார் ஓட்டப் பழகியதே இல்லை.

முதல் நாள் காரில் உட்கார்ந்ததும் கோமதியம்மா சொன்னார்: "லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷமாச்சு டீச்சர். பீரோவுலயே கெடக்கு. இப்ப வெளிநாடு, லங்காவி போறோம். இவரு ரிட்டயர் ஆகறாருன்னு பையன் டிக்கெட் போட்டிருக்கான். நடுக்கடல்ல ஒரு தீவு, நடுவுல பெரிய மலை. டூர் பஸ் வேண்டாம், வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டுறேன்னு சொல்லிட்டேன். மலை ஏறி இறங்கற வரைக்கும் சொல்லித்தரணும்."

நான் சரி என்றேன். பத்து கிளாஸ். ஸ்டீயரிங் நன்றாகவே வந்தது. முத்தாபுதுப்பேட்டை ரோட்டில் லாரி எதிரே வந்தாலும் பதறமாட்டார். ஹாஃப் கிளட்ச் மட்டும் கொஞ்சம் உதறும். பாடி மேம்பாலத்தில் ஏற்றி நடுவில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லிப் பழக்கினேன்.

ஆறாவது கிளாஸில் அவர் கேட்டார்: "பாலம் சரி டீச்சர். ஒரு ஞாயித்துக்கிழமை திருத்தணி கூட்டிட்டுப் போறீங்களா? கோயில் ரோடு மலைதானே. ஒரு தடவை ஏறி இறங்கிட்டா எனக்கு தைரியம் வந்துரும்."

ஸ்கூல் ஓனர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னாமா, மலை கிலைன்ற? அவங்க அங்க ஓட்டப்போறது ஆட்டோமேட்டிக். நம்ம வண்டி மேனுவல். திருத்தணிக்கு இட்டுகினு போயி இன்னாத்த காட்டப்போற? பிரிட்ஜ்ல ஏத்தி எறக்கு, போதும்."

எனக்கும் அது வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதுவரை நான் மலையில் ஓட்டியதே இல்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, இதற்குள்தான் அதுவரை நான் ஓட்டியதெல்லாம். ஆட்டோமேட்டிக் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் இல்லை.

2. கடைசிக் கிளாஸ்

பத்தாவது கிளாஸ் முடிந்து, காரை குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினோம். கோமதியம்மா செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அங்கே கிடைக்கும் வாடகைக் காரின் உள்பக்கம்.

"இந்த லிவர்ல D-க்குக் கீழ L-னு ஒண்ணு போட்டிருக்கே டீச்சர், அது எதுக்கு?"

மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மேனுவல் காருக்கு அதைச் சொல்லியிருப்பேன். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது இந்த L என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து நாளாக என்னை டீச்சர் என்று கூப்பிட்டவர்.

"அதெல்லாம் நமக்குத் தேவைப்படாதுமா. D-ல போட்டுட்டா வண்டியே பாத்துக்கும். நீங்க ஆக்ஸிலேட்டர், பிரேக் ரெண்டை மட்டும் பாருங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

3. தீவிலிருந்து

முதல் இரண்டு நாள் வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. ரோடு வழுவழுவென்று இருக்கிறதாம். ஒரு பக்கம் காடு, வளைந்தால் மறுபக்கம் கடல். வயல் ஓரத்தில் எருமைகள் ரோட்டைத் தாண்டும்வரை காரை நிறுத்திக் காத்திருந்தாராம். "இவரு போன்ல வழி சொல்றாரு, நான் ஓட்டறேன். ஹாரனே யாரும் அடிக்க மாட்டேங்கறாங்க டீச்சர்" என்று சிரித்தார். அந்த மெசேஜை ஓனர் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மெசேஜ் வரவில்லை. நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலையில் மலைக்கு ஏறியிருக்கிறார்கள். வளைவுக்கு மேல் வளைவு. உச்சியில் மேகம் காருக்குள் வந்ததாம். இறங்கும்போது D-யிலேயே இறங்கியிருக்கிறார். கால் பிரேக்கை விட்டு எடுக்கவே இல்லை. பாதி வழியில் பிரேக் சூடேறித் தீய்ந்த வாடை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போயிருக்கிறது, வண்டி நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் பள்ளம். கோமதியம்மா ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, மண்சரிவில் காரை மோத விட்டிருக்கிறார். அதனால்தான் இருவரும் பிழைத்தார்கள். சண்முகம் சாருக்கு வலது தோள் எலும்பு முறிந்தது.

பின்னால் வேனில் வந்த அந்த ஊர்த் தமிழர் ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் கேட்டாராம்: "L-ல போட்டு இறங்கலயாக்கா? உங்களுக்கு யாரும் சொல்லித்தரலயா?"

4. ஆபீஸில்

ஊர் திரும்பிய வாரம் இருவரும் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். சண்முகம் சார் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓனர் அண்ணனும் சீட்டை விட்டு எழுந்துவிட்டார்.

கோமதியம்மா மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், அந்த L-ஐப் பத்தி நான் உங்ககிட்ட கேட்டேன்ல? நீங்க சொல்லித்தந்து நான்தான் மறந்துட்டேனா? எனக்கு சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. தேவைப்படாதுன்னு சொன்ன மாதிரி இருக்கு. அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?"

ஓனர் அண்ணன் என்னையே பார்த்தார். சண்முகம் சாரும் பார்த்தார்.

"சொன்ன ஞாபகம்தாம்மா" என்றேன்.

சண்முகம் சார் மனைவி பக்கம் திரும்பினார். "நான் சொல்லல? மேடம் சொல்லாம இருப்பாங்களா? நீதான் மறந்துட்ட."

கோமதியம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "சாரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் ஓனர் அண்ணன் என் முன்னால் டீயை வைத்தார். "தப்பிச்சோம்மா. உடு" என்றார்.

5. காட்டுப்பாக்கம்

ஒன்றரை வருடம் கழித்து ஸ்கூலுக்கு ஆட்டோமேட்டிக் கார் வந்தது. நானே கேட்டு அதைத் திருத்தணிக்கு எடுத்துப் போனேன். கோயில் ரோட்டில் இறங்கும்போது L-க்கு மாற்றினேன். பிரேக்கைத் தொடாமலே வண்டி அடங்கி நகர்ந்தது. கீழே வந்து ஓரமாக நிறுத்தினேன். உடனே காரை எடுக்க முடியவில்லை.

அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, காட்டுப்பாக்கத்தில் மகனின் ஃபிளாட்டுக்குப் போயிருந்தார்கள். விசாரித்துப் போனேன். கோமதியம்மா மெலிந்திருந்தார். காபி கொடுத்தார். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். L என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது, தேவைப்படாது என்று நான்தான் சொன்னேன், ஆபீஸில் சொன்னது பொய் என்றேன்.

அவர் சொன்னார்: "எனக்கு மறதி வியாதி வந்துட்டுன்னு நெனச்சேன் டீச்சர். டாக்டர்கிட்ட போய் தலையை ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க, நான் நம்பல. கேஸை மூடினேனான்னு நாலு தடவை எந்திரிச்சுப் பாக்கேன். பேங்குக்குத் தனியாப் போறதில்ல. பேத்தியை ஸ்கூல்ல விடறதையும் நிறுத்திட்டேன், எங்கயாவது விட்டுட்டு வந்துருவேனோன்னு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "இவர் முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். சண்முகம் சார் தோளைத் தடவியபடி கேட்டார். "சரி, போனது போச்சு. விடுங்க மேடம்" என்றார்.

"உங்களுக்குப் போச்சு" என்றார் கோமதியம்மா அவரிடம்.

மறுபடி ஓட்டுங்கள், நானே வந்து சொல்லித்தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு நான் இரண்டு முறை போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை.

புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் ஓட்டிப் பார்க்காத ரோட்டுக்கும், தொட்டுப் பார்க்காத கியருக்கும் பதில் சொல்லாதீர்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால், கேட்கிற அன்றைக்கே, யார் முன்னால் கேட்கிறார்களோ அவர்கள் முன்னாலேயே ஒப்புக்கொள்ளுங்கள். நான் ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். அந்த ஒன்றரை வருடமும் ஒரு பெண் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.