கதவுக்குப் பின்னால் சொன்ன பெயர்கள்

என் சித்தப்பா மகள் ஆறாம் வகுப்பின் பாதியிலேயே எங்கள் பள்ளியைவிட்டுப் போனதற்கு அவள் காதுதான் காரணம் என்று வீட்டில் இன்றுவரை எல்லோரும் நம்புகிறார்கள். காரணம் நான். அவளுடைய பென்சில் செல் ஒன்றைத் திருடினேன். அதைவிடப் பெரிய தப்பு, மறுநாள் காலை அவளுக்கு எதிரே போய் நின்றது.

இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் கம்பெனி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்கு அங்கே பக்கத்துக் கம்பெனியொன்றில் தகடு அடிக்கும் மெஷினில் வேலை. சத்தம் உள்ளே போகாமலிருக்கக் காதில் அடைத்துக்கொள்ள அவருக்கு மஞ்சள் நிறத்தில் இரண்டு அடைப்பான்கள் கொடுத்திருந்தார்கள். அதே வருடம் ஒரு முகாமில் அவர் மகளுக்குச் சத்தம் உள்ளே போவதற்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சித்தி தைத்துக் கொடுத்த துணிப்பையில் அது அவள் நெஞ்சில் தொங்கும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். உள்ளே ஒரே ஒரு பென்சில் செல்.

அவளும் நானும் ஒரே வீடு, ஒரே வகுப்பு. தலைமை ஆசிரியை ஒரு நிபந்தனையோடுதான் அவளைச் சேர்த்திருந்தார். காலாண்டுத் தேர்வு வரை பார்ப்பது. பெட்டியை வைத்துக்கொண்டு அவளால் பாடம் கேட்க முடிந்தால் இங்கேயே படிக்கலாம். முடியாவிட்டால் வெளியூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. விடுதி என்றாலே அவள் அழுவாள்.

பெட்டி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பது என் பொறுப்பு. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஏதாவது ஒரு காய்கறியின் பெயரைச் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"கத்திரிக்கா."

"கத்திரிக்கா."

"கணக்கு வாத்தியார் தொப்ப."

"அய்யய்ய, போண்ணா!" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் சோதனை முடிந்தது.

எங்கள் வீட்டு மாடி அறையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். குட்டித் திரையில் விழும் செங்கல்லைப் பட்டன் அமுக்கி அடுக்கும் கைவிளையாட்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்தார்.

"ஏலே, நாளைக்கு சாயங்காலம் தந்துரணும். ஒரு செல்லு போயிட்டு. அத நீதாம்ல போட்டுக்கிடணும்."

அன்று காலைதான் அவள் தன் கையாலேயே பெட்டிக்குப் புதுச் செல் போட்டிருந்தாள். அவள் குளிக்கப் போனதும் அதை எடுத்துக்கொண்டு, டிவி ரிமோட்டிலிருந்த செல்லை உள்ளே வைத்தேன். தட்டித் தட்டி வேலை வாங்கிய ரிமோட் அது. ஆனால் அந்தச் செல்லை முதலில் ஒரு மணி நேரம் மாடியில் வெயிலில் காய வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் தீர்ந்த செல்லுக்கெல்லாம் அதுதான் வைத்தியம். ஆகவே திருடியதாக எனக்குத் தோன்றவில்லை. மாற்றி வைத்ததாகவே தோன்றியது.

ஆனாலும் காலையில் அந்த வைத்தியத்தின் மேல் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. கதவுக்குப் பின்னால் போகாமல் அவளுக்கு எதிரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, "வெண்டக்கா" என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "வெண்டக்கா" என்றாள். சிரிக்கவில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தப்பா, "இன்னாடா, கேக்குதா அவளுக்கு?" என்றார்.

"கேக்குது சித்தப்பா."

அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் கேட்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலாண்டுத் தேர்வில் சொல்வதெழுதுதல். டீச்சர் எங்கள் பெஞ்சுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொற்களைச் சொன்னார். அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து எழுதினேன். அவள் தாளில் பெயரும் வகுப்பும் மட்டுமே இருந்தன.

சாயங்காலம் விளையாட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் புதுச் செல்லைப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் கதவுக்குப் பின்னால் நின்று, "முருங்கக்கா" என்றேன். சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எண்ணினேன்.

அன்று தலைமை ஆசிரியை சித்தப்பாவை வரச் சொல்லியிருந்தார். அவளும் உள்ளே நின்றாள். நான் அறை வாசலில் நின்றேன்.

"இன்னொரு தபா எழுத வெச்சுப் பாருங்க டீச்சர். வூட்ல நல்லா கேக்குது. இந்தப் பையனக் கேளுங்க" என்று சித்தப்பா என்னைக் காட்டினார்.

தலைமை ஆசிரியை என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார். "இன்னொரு வாட்டி எழுதறியாம்மா?"

அவள் பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். "வாணாம் டீச்சர். வருது, போவுது. எப்ப போவும்னு தெர்ல."

செல்லைத்தான் திருப்பி வைத்துவிட்டேனே, விடுதிக்குப் போக மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாமே என்று அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அடுத்த வாரம் அவளை விடுதியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு புதுச் செல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொள்வாள். காதுப்பெட்டியை அவள் மறுபடி மாட்டிக்கொள்ளவே இல்லை. அங்கே கைகளால் பேசக் கற்றுக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் அந்தப் பேச்சு தெரியாது. லீவுக்கு வந்தால் ஓரமாய் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது படப்பையில் கணவன், குழந்தைகளோடு இருக்கிறாள். நாற்பதை நெருங்கும் வயதில், போன மாதம்தான் எனக்குத் தைரியம் வந்தது. உதடு தெரியும்படி அவளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செல், ரிமோட், வெயில், திருப்பி வைத்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் உதடு அசைவது நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினோரு வயதுக் குரலில் கேட்டாள்:

"அப்ப அன்னிக்கி என் காது போவலையாண்ணா?"