‘உயிர்ச்சேதம்’ என்பதற்கு அடுத்த சொல்

நான் செய்தி பார்ப்பது எங்கள் வீட்டில் இப்போது ஒரு கேலிப்பொருள். சத்தத்தை அணைத்துவிட்டு எழுத்துகளை மட்டும் பார்க்கிறேன். எந்தச் சேனல் எழுத்தை நெருக்கிப் போடுகிறது, எது சிவப்பில் மஞ்சளைப் போட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது, எதன் வரி படித்து முடிப்பதற்குள் ஓடிவிடுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. “அம்மா, அப்பா பரீட்சைப் பேப்பர் திருத்த உக்காந்துட்டாருங்க” என்பாள் மகள். அவள் கல்லூரியிலிருந்து வரச் சற்று நேரமானாலும் நான் டிவி முன்னால் போய் நின்றுவிடுவேன். முதலில் திரையின் வலது மூலையைத்தான் பார்ப்பேன். கேலி செய்யட்டும். வீட்டுக்கு வந்து செய்கிறாளே, அது போதும்.

அவள் பீளமேட்டில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். போன ஆடி மாதம் ஒருநாள், வகுப்பு மாணவிகள் எல்லோரும் கல்லூரிப் பேருந்தில் காங்கேயத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆலை பார்க்கப் போனார்கள். நான் விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கும் கம்பெனியில் இருப்பவன். அன்று கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும், “ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாம் வாங்க” என்று பக்கத்துப் பேக்கரிக்குக் கூட்டிப்போனார்.

பேக்கரியில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். சிவப்புப் பட்டையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தடித்த மஞ்சள் எழுத்துகள். முதல் சொல்லை ‘காயம்’ என்றுதான் படித்தேன். மறுபடி பார்த்தால் அது காங்கேயம். ‘காங்கேயம் அருகே கோவை கல்லூரிப் பேருந்து கவிழ்ந்து விபத்து: உயிர்ச்சேதம்’ என்பது வரை வந்தேன். அடுத்த சொல் இருந்த இடத்தில், வலது மூலையில், ஒரு நகைக்கடை விளம்பரம் முளைத்திருந்தது. வளையல் அடுக்கிய கை ஒன்று அதில் திரும்பித் திரும்பி ஆடியது.

தமிழில் ‘இல்லை’ என்பதைக் கடைசியில்தான் சொல்கிறோம். பிறந்ததிலிருந்து பேசிவரும் மொழியில் நான் அதைக் கவனித்ததே கிடையாது. அந்த வளையல் கைக்கு அடியில் ‘இல்லை’ இருக்கலாம். ‘அதிகம்’ என்றும் இருக்கலாம். ‘ஏற்பட்டது’ என்றும் இருக்கலாம். விளம்பரம் மறைந்தபோது வரியும் மறைந்துவிட்டது. அணையின் நீர்மட்டம் வந்தது.

“என்னாச்சுங்க, மூஞ்சி இப்புடி வெளுத்துப்போச்சு?” என்றார் தறிக்காரர்.

“என்ற பொண்ணு அந்த பஸ்ஸுலதானுங்க போயிருக்கறா.”

அவர் கல்லாப் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏனுங்க, டிவிக்குச் சவுண்டு வெய்யுங்க!”

“சவுண்டு பட்டன் போயிருச்சுங்க. சேனல் மட்டுந்தான் மாறும்” என்றார் கல்லாவில் இருந்தவர்.

“அதையாச்சும் மாத்துங்க சாமி!”

மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். நடுவில் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. லோன் வேண்டுமா என்று தினமும் கேட்கிறவர்களாக இருக்கும் என்று வெட்டினேன். மறுபடி வந்தது, மறுபடி வெட்டினேன். மனைவியைக் கூப்பிடக் கை வரவில்லை. பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன சொல்வது?

கல்லாக்காரர் சேனலை மாற்றிக்கொண்டே போனார். ஒன்றில் நாலு பேர் வாயசைத்துச் சண்டை போட்டார்கள். இன்னொன்றில் ‘கோவை’ என்ற சொல்லைக் கண் பிடிப்பதற்குள் வரி இடது பக்கம் ஓடி மறைந்தது. அடுத்த சேனலில் அடர்நீலப் பட்டை, வெள்ளை எழுத்து. எழுத்துகளுக்கு நடுவே மூச்சு விட இடம் இருந்தது. புள்ளிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. வரி ஓடவில்லை, மினுக்கவில்லை, நின்றது. ‘மாணவிகள் அனைவரும் பத்திரம்.’ அதன் கீழே சற்றுச் சிறியதாக, ‘காங்கேயம் அருகே கோவை கல்லூரிப் பேருந்து வேலியில் சாய்ந்தது.’

ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல அதைச் சத்தமாகப் படித்தேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் படித்தேன்.

“அப்புடித்தானுங்க போட்டிருக்குது” என்றார் கல்லாக்காரர்.

“மாத்திப்போடாதீங்க.”

“மாத்துவனுங்களா? ரிமோட்டையே கீழ வெச்சுட்டேன்.”

எந்த ஊரில், எந்த அறையில் இருந்து யார் அந்த வரியை அடித்தார்களோ தெரியாது. அவசரத்திலும் எதை முதலில் வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவர் யோசித்திருக்கிறார். நான் சாமி கும்பிடும்போது இப்போது அவருக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

தெரியாத நம்பர் மறுபடி வந்தது. தறிக்காரரே என் கையிலிருந்து போனை வாங்கினார். “ஆரு கண்ணு? இருக்கறாருங்க அம்மணி, பேசுங்க.”

“அப்பா! ரெண்டு வாட்டி கட் பண்ணிப்போட்டீங்க!” மகளுக்குக் கோபம். “என்ற போனு பஸ்ஸுக்குள்ள எங்கியோ கெடக்குது. இது எங்க மிஸ்ஸோட போனு.”

“அடி கிடி பட்டுச்சா கண்ணு?”

“கிளுவ முள்ளு கீறிருச்சுங்கப்பா, முழங்கையில. வேற ஒண்ணுமில்ல. அழுவாதீங்க, பக்கத்துல ஆளுக இருக்காங்கல்ல?”

தறிக்காரர் என்னை வண்டி ஓட்ட விடவில்லை. தறியை அப்படியே விட்டுவிட்டு அவருடைய காரில் என்னைக் கூட்டிப்போனார். வழியில் மனைவியைக் கூப்பிட்டு, அந்த நீலப் பட்டையில் இருந்த வரிசையிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

குறுக்கே வந்த ஒரு பைக்குக்காக ஒடித்த பேருந்து, மேய்ச்சல் காட்டின் கிளுவை வேலியில் சாய்ந்து நின்றிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகளின் கையைப் பிடித்தவன் விடவில்லை. அவள்தான் பேசிக்கொண்டே இருந்தாள்.

“கேமராவோட ஒருத்தர் வந்தாருங்கப்பா. போன்ல ‘பஸ் கவுந்துருச்சு’ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, இவ ஓடிப்போயி சண்டைக்கு நின்னுட்டா. ‘சார், மொதல்ல நாங்க நல்லா இருக்கறதப் போடச் சொல்லுங்க, பஸ்ஸ அப்பறம் போடட்டும். எங்கம்மா முழுசாப் படிக்கறதுக்குள்ள மயங்கி உழுந்துரும்’னு ஒரே சத்தம்.”

‘இவ’ என்று காட்டிய பெண் குள்ளமாக, ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள்.

“ரொம்ப நன்றி கண்ணு” என்றேன்.

“எதுக்குங்க அங்கிள்?”

“நீ சொன்ன மாதிரியே டிவியில போட்டாங்க. நான் படிச்சேன். உங்கம்மாவும் பாத்திருப்பாங்க.”

“எங்கீங்க! இப்பத்தான் பேசுனேன். அது மில்லுல ஷிப்டுல இருக்குது, டிவியே பாக்கலியாமா. பஸ் சாஞ்சதே நான் சொல்லித்தான் தெரியும்.” அவள் சிரித்தாள். “அப்ப அது உங்களுக்குத்தான் போட்டிருக்குதுங்க அங்கிள்.”

மகளின் கையை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் இன்னொரு செருப்பைத் தேடி முள்வேலிக்குள் குனிந்தேன்.