கரை சேர்ந்த சிரட்டை

என் கணவர் பருத்தித்துறையிலிருந்து பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போனபின், எங்கள் ஐந்து வயது மகள் பூமணி சரியாகச் சாப்பிடவில்லை, யாருடனும் கதைக்கவுமில்லை. ஒருநாள் கிணற்றடித் தொட்டியில் தேங்காய்ச் சிரட்டையொன்றை மிதக்கவிட்டுத் திரும்பத் திரும்பக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அபசகுனமென்று அடிக்கப் போனேன். அவள் முகத்தைக் கண்டதும் மனம் வரவில்லை. பக்கத்தில் குந்தினேன்.

“உதுக்குள்ளை ஆர் இருக்கினம், பிள்ளை?”

“அப்பா. புயல் அடிக்குது.”

கவிழ்ந்த சிரட்டையை நிமிர்த்தினேன். “இப்ப நாங்கள் என்ன செய்வம்?”

“அம்மா, நீங்கள் கரையிலை விளக்குப் பிடியுங்கோ. நான் இழுத்துக்கொண்டு வாறன்.”

நான் வெறுங்கையை விளக்காக நீட்டினேன். சிரட்டை கரை சேர்ந்தது. அன்று என் மடியில் இருந்தபடி வயிறாரச் சாப்பிட்டாள். அவர் சுகமாகத் திரும்பும்வரை தினமும் அதே விளையாட்டுத்தான்.

இப்போதெல்லாம் பூமணியும் அவளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் எதை விளையாடினாலும், அதட்டுமுன் அருகில் குந்தி, “எனக்கு என்ன வேலை?” என்று கேட்கிறேன்.