மரியநாயகி கேட்ட இங்கிலீஷ்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் மரியநாயகி ஆயாவாக இருந்தாள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதுதான். முன்பிருந்த ஆயா, சாப்பாட்டு மேசையில் துரை பேசியதையெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போய்ச் சொல்கிறாள் என்று விரட்டப்பட்டிருந்தாள். “இவளுக்கு ஒண்ணும் வெளங்காதுங்க தொரை” என்று வெளிவேலை பார்க்கும் கண்டாக்கையா உறுதி சொன்ன பிறகே இவளைச் சேர்த்தார்கள்.

ஆனால் காதுக்கு யார் பூட்டுப் போடுவது? துரையின் குழந்தைக்கு மேசையோரம் நின்று ஊட்டும்போது, துரையும் துரைசாணியும் பேசுவது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவள் அர்த்தம் பிடித்தாள். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று துரை சொன்னபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வெறும் மழைதான். கண்டாக்கையாவை உயிரோடு தோலுரிக்கப் போவதாக ஒருநாள் துரை கத்தினார். மரியநாயகி அதை அப்படியே நம்பிவிட்டாள். மறுநாள் காலை கண்டாக்கையா தோலும் தொந்தியுமாக வந்து துரையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

கத்திச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. மெதுவாகச் சொன்னதுதான் ஆளைக் கவிழ்த்தது. டிரைவர் செல்லசாமியைப் பற்றித் துரை சாந்தமாக ‘லெட் ஹிம் கோ’ என்றார். லெட் என்றால் விடு, கோ என்றால் போ. மன்னித்து விட்டுவிட்டார் போலும் என்று நினைத்தாள் பைத்தியக்காரி. மனசு கேட்காமல் செல்லசாமியிடம் போய், “அண்ணே, தொரை ஒங்கள விட்டுட்டாரு, பயப்படாதீங்க” என்றாள். மறுநாள் அவன் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று. மூட்டைமுடிச்சோடு போகும்போது அவன் அவளைப் பார்த்த பார்வையை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அடுத்த மழைக்காலத்தில் அவள் தம்பி அலோசியஸ், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டான். அன்று மத்தியானம் துரை சூப்பைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சாந்தமாகச் சொன்னார்: “வீ மஸ்ட் லெட் ஹிம் கோ.”

மரியநாயகியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தம்பி போனால் நிறைமாதமாக இருக்கும் அவன் பெண்சாதியும் தெருவில் நிற்க வேண்டும். நாட்டுரிமை இல்லாதவனை வேறு எந்தத் தோட்டம் சேர்க்கும்? வாயைத் திறந்தால் அவளே மாட்டிக்கொள்வாள். அதற்குள் வாய் திறந்துவிட்டது.

“நோ லெட் கோ, தொரை! மை பிரதர்! ப்ளீஸ், நோ லெட் கோ!”

துரைசாணி எடுத்த தம்ளரை அப்படியே பிடித்திருந்தார். இவ்வளவு நாள் இவள் முன்னால் என்னென்ன பேசினோம் என்று யோசித்தாரோ என்னவோ, முகம் சிவந்துபோயிற்று. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

“எத்தன நாளா ஒனக்கு நம்ம பேச்சு தெரியும்?”

“தெரியாதுங்க தொரை… காதுல விழுந்துச்சுங்க.”

துரைசாணி குனிந்து துரையின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அதுமட்டும் மரியநாயகிக்குக் கேட்கவில்லை. அந்தக் கிசுகிசுப்புத்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

“அலோசியஸ் இருக்கட்டும்” என்றார் துரை.

அவள் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீ இனிமே பங்களாவுக்கு வராத. நாளைக்குக் காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போ. கொழுந்து எடு.”

அதில் அவளுக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை. குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று வீரிட்டது. மரியநாயகி அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, குசினி வழியாக வெளியே வந்தாள்.