கொழும்பில் தங்க ஒரு விலாசம்

விசா விண்ணப்பத்தில் ஏழாவது கட்டமோ எட்டாவது கட்டமோ, 'இலங்கையில் தங்கப்போகும் விலாசம்' என்று கேட்டிருந்தது. அந்த ஒரு கட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என் அக்காவுக்கு நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்சந்தில் இருந்த ஒருவன் இந்திய கால்பந்து அணியில் எடுக்கப்பட்டான். நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு ஒரே மைதானத்தில் ஆடி வளர்ந்தவர்கள். அவன் கால் மட்டும் கொழும்பு வரைக்கும் போனது. நாலு நாடுகள் மோதும் போட்டி என்று பேப்பரில் வந்ததும் தெருவே தலைகால் புரியாமல் ஆடியது. போய்ப் பார்த்தே தீருவது என்று நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. இன்னொருவன் பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிற தையல்காரன். மூன்றாமவன் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பேக்கரியில் அடுப்படியில் நின்றவன்.

ரயிலுக்கும் கப்பலுக்கும் எப்படியோ புரட்டிவிட்டோம். தங்குவதற்குத்தான் வழி பிறக்கவில்லை. கொழும்புக் கோட்டையில் இருந்த ஓட்டலுக்கு எழுதினோம். அவர்கள் அனுப்பிய வாடகைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தையல்காரன், அந்தக் காசுக்கு ஓட்டலையே வாங்கிவிடலாமே என்றான். செட்டியார் தெரு லாட்ஜ் ஒன்று, போட்டிக்காக ஏற்கெனவே எல்லா அறைகளும் போய்விட்டன என்று பதில் போட்டது. கோயில் மடத்துக்காரர்கள் யாத்திரைக்கு வருகிறவர்களுக்குத்தான் இடம் என்று எழுதினார்கள். பந்து பார்க்கப் போவதும் எங்களுக்கு யாத்திரைதான், ஆனால் அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? பேக்கரிக்காரன் ஸ்டேஷனிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றான். ஸ்டேஷனை விலாசமாக எழுதினால் விசா கொடுப்பார்களா?

அப்போதுதான் எனக்கு அக்காவின் நினைவு வந்தது.

அக்கா காக்ஸ் டவுனைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவரை விரும்பி, மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, அவருக்கு வேலை கிடைத்த கொழும்புத் துறைமுகத்துக்கே போய்விட்டாள். அன்றைக்கே அப்பா தலைமுழுகினார். அவள் பேரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. பொங்கலுக்குப் பொங்கல் அவளிடமிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வரும். அப்பா அதைப் பிரிக்காமலேயே வெந்நீர் அடுப்பில் போடுவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்தலையின் நிறத்தை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்துவிட்டு, அடுப்பில் அது எரிந்து முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். ஒரு வருடம், கடிதம் அடுப்புக்குப் போகும் முன்பே உறையின் பின்பக்கம் இருந்த விலாசத்தை நான் குறித்துவைத்தேன். பாசத்தினால் என்று சொல்ல ஆசைதான். என்னவோ தோன்றியது, குறித்தேன், அவ்வளவே. நாலு வருடம் அது என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

ஏழு வருடம் கழித்து அவளுக்கு நான் எழுதிய முதல் கடிதம் ஆறு வரி. நலம், நலமறிய ஆவல். நானும் இரண்டு சிநேகிதர்களும் இன்ன தேதிக்கு வருகிறோம். பத்து நாள் தங்க வேண்டும். பாய் இருந்தால் போதும், சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட வேண்டாம். பதிலைத் தொழிற்சாலை விலாசத்துக்கு அனுப்பு. எதற்காக வருகிறோம் என்று நான் எழுதவில்லை. மறைக்க நினைத்ததாக ஞாபகம் இல்லை. அவள் அதைக் கேட்பாள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. ஸ்டோர் ரூமில் நின்றபடியே இடம் உண்டா இல்லையா என்று மட்டும் தேடிப் படித்தேன். உண்டு. சரியான வீட்டு எண்ணும் தெருவும் இருந்தன. அதை விண்ணப்பத்தில் எழுதி அன்றைக்கே சென்னை விசா ஆபீசுக்குத் தபாலில் போட்டேன். வீட்டில் ஏதோ ஒரு லாட்ஜ் என்று சொன்னேன். 'பிறந்த வீட்டிலிருந்து என் தம்பி வருகிறான் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்' என்று மூன்றாம் பக்கத்தில் அக்கா எழுதியிருந்ததை நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன்.

போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். காலையில் கொழும்பில் இறங்கி விசாரித்துக்கொண்டே கொட்டாஞ்சேனைக்கு நடந்தோம். ஒரே நீளக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வீடுகள். எல்லோருக்கும் சேர்த்து நடுவில் ஒரு குழாய். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் மாதிரி இருந்தது.

அக்கா வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். முதலில் எனக்குப் பின்னால் பார்த்தாள், வேறு யாராவது வருகிறார்களா என்று. அப்புறம் என் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் படுக்கைச் சுருட்டு. இன்னொரு கையில் மூங்கில் கழியில் சுற்றிய கொடி. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் பிறந்த வீட்டு ஆண்பிள்ளை முதல் முதலாகப் போகிறான் என்றால் புடவை, மஞ்சள், பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்துத்தான் போவான். கூலிக்காரனும் கடன் வாங்கியாவது அதைச் செய்வான். எனக்குத் தெரியாத வழக்கமா? தெரியும். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தங்குகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"வாடா" என்றாள்.

குளித்து முடித்ததும் கேழ்வரகுக் களி போட்டாள். அங்கே அதற்குக் குரக்கன் என்று பேராம், தேடி வாங்கி வைத்திருந்தாள். கூடவே கீரை மசியல். மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம். கட்டிலையும் உள் அறையையும் எங்களுக்கு விட்டுவிட்டு மாமா துறைமுகத்தில் ராத்திரி வேலைக்கு மாற்றிக்கொண்டார் என்று பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

கை கழுவியதும் அக்கா என்னை மட்டும் சமையல் மூலைக்குக் கூப்பிட்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு புதுப் புடவையை எடுத்தாள். பச்சை, அரக்கு பார்டர். கிறிஸ்துமஸுக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. அதை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு சாயங்காலம் தெருப் பொம்பளைங்கள்லாம் வருவாங்க. இத்த அவங்க முன்னாடி தட்டுல வச்சு என் கையில குடு. அம்மா குடுத்தனுப்பிச்சாங்கன்னு சொல்லு."

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் செய்திருக்கக் கூடியது எத்தனையோ இருந்தது. காலில் விழுந்திருக்கலாம். ஓடிப்போய்க் கடைத்தெருவில் ஒரு புடவை வாங்கியிருக்கலாம். நான் கேட்டது இதுதான்:

"சாயங்காலம் எத்தினி மணிக்கு? மேட்ச் இருக்குதே."

"இன்னா மேட்ச்?"

சொன்னேன். நம் பின்சந்துப் பையன் இந்தியாவுக்கு ஆடுகிறான், அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று உற்சாகமாகவே சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவன் நன்றாக ஆடுவானா என்று கூட ஒரு கேள்வி கேட்டாள். பிறகு, அப்படியானால் காலையிலேயே வரச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். என் சிநேகிதர்களுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். ஆட்டக்காரனுக்கென்று கன்டோன்மென்ட் பேக்கரியிலிருந்து தகர டப்பாவில் சுமந்து வந்த பிளம் கேக்கை, பேக்கரிக்காரன் தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தான். தையல்காரன் புடவையை ஒரு தடவை பார்த்தான். உள்முனையில் கொழும்புக் கடையின் முத்திரை குத்தியிருந்தது. யார் கண்ணிலும் படுவதற்குள் அதை மடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினான். அந்த அறையில் கல் மனசுக்காரன் நான் ஒருவன்தான் என்று இப்போது படுகிறது.

"அம்மா குடுத்தனுப்பிச்சாங்க" என்றேன்.

அக்கா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். புடவையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளே காசு கொடுத்து வாங்கி, அவளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த புடவை. ஆனால் கண்ணில் ஒற்றியபோது அவள் தோள் குலுங்கியதில் நடிப்பு இல்லை. கிழவி ஒருத்தி, பெத்தவ மறப்பாளா என்றாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று இன்னொருத்தி என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே, முழங்கால் வலிதான், மற்றபடி நல்லா இருக்காங்களாம் என்று பதில் சொன்னாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தது உண்மைதான். நான் எழுதவுமில்லை, சொல்லவுமில்லை. ஏழு வருடத்தில் வந்திருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

பத்து நாளும் அந்தப் பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி துவைத்துக் காயப்போட்டுக் காலையில் மறுபடி கட்டுவாள். நாங்கள் மேட்சுக்குப் போவோம், திரும்பி வந்து சாப்பிடுவோம், ஆட்டத்தைப் பற்றிக் கத்திப் பேசுவோம், தூங்குவோம். கடைசி நாள் கடற்கரைக்குப் போய்வரலாமா, உன்னோடு உட்கார்ந்து பேசவே இல்லையே என்று கேட்டாள். அன்றைக்குக் கடைசி ஆட்டம். அடுத்த தடவை வரும்போது போகலாம் என்றேன். எங்கள் பின்சந்துப் பையனை அந்தப் போட்டி முழுக்க ஒரு நிமிடம் கூடக் களத்தில் இறக்கவில்லை. அவன் கோட்டுக்கு வெளியே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

கிளம்பும்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். நான் நல்லா இருக்கேன்னு அம்மா கிட்ட மட்டும் சொல்லு என்றாள். சரி என்றேன்.

சொல்லவில்லை. அப்பா இருந்தவரை பயம். அப்பா போன பிறகு, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கம். லாட்ஜ் சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்டபோது, பரவாயில்லை என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே மூன்று வருடம் போயிற்று.

அப்புறம் மாமாவின் கடிதம் தொழிற்சாலைக்கு வந்தது. நான் கொடுத்திருந்த விலாசம் அதுதானே. பிரசவத்தில் அக்காவும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது. அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இல்லை என்பதை. கொழும்பில் லாட்ஜ் எதுவும் கிடையாது, பத்து நாளும் அவள் வீட்டில்தான் இருந்தேன் என்பதை. அம்மா உடனே அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். மூன்று வருடம் மறைத்ததற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போம்போது அவளுக்கு இன்னா எடுத்துகினு போன?" என்று கேட்டாள்.

"பொடவை" என்றேன்.

"இன்னா கலரு?"

"பச்சை. அரக்கு பார்டரு."

"கட்டிக்கினாளா?"

"பத்து நாளும் அதைத்தாம்மா கட்டிக்கினு இருந்தா."

"பச்சை அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். "நீயாச்சும் வெறுங்கையோட போவாம இருந்தியே."

பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.